பெண்களுக்கான வரம்பு 1833-இல் வரவில்லை

1833 சட்டமே பெண்களின் வேலை நேரத்தையும் வரம்பிட்டது என்று சொன்ன கட்டுரைக்கு ஒரு திருத்தம். பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தைத் தொடவே இல்லை. 9 முதல் 13 வயதுக்குள் இருந்த சிறுவர்களுக்கு வாரம் 48 மணி, 18 வயது வரை 69 மணி என்பதோடு சரி. வயது வந்த பெண்களுக்கு நாளுக்கு 12 மணி வரம்பு வந்தது 1844-இல்தான்.

1833 சட்டத்தில், வயதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் பெரிய ஓட்டை. இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-இல். அதுவரை மருத்துவர் ஆளைப் பார்த்து, '9 வயதுத் தோற்றம்' என்று சான்று கொடுத்தால் போதும். சட்டம் நடக்கிறதா என்று பார்க்க நாடு முழுக்க நான்கே தொழிற்சாலை ஆய்வாளர்கள் வேறு!

பெண்களுக்கும் 13 முதல் 18 வயதினருக்கும் நாளுக்குப் பத்து மணி என்ற 1847-இன் பத்து மணிச் சட்டமும் லேசில் பலிக்கவில்லை. ஆலை காலை முதல் இரவு வரை ஓடும்; ஆட்களை நடுநடுவே வெளியே அனுப்பி மறுபடி கூப்பிடுவார்கள். யார் எத்தனை மணி உழைத்தார் என்று ஆய்வாளரால் கணக்கிடவே முடியாது. இந்த முறை சட்டவிரோதமல்ல என்று 1850-இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டம்தான் காலை 6 முதல் மாலை 6 வரை (குளிர்காலத்தில் 7 முதல் 7), சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி என்று கடிகாரத்தையே கட்டிப்போட்டது. விலையாக, சனிக்கிழமை தவிர தினமும் அரை மணி கூடுதல் வேலை. சிறுவர்களை இதற்குள் கொண்டுவர 1853 ஆயிற்று.