மூன்றாவது மாதம் ஏன் வரவில்லை?

உலக மனநல நாளான அக்டோபர் 10 நெருங்கினால் பேரணி, பச்சை ரிப்பன், "முகாமில் இத்தனை பேருக்குப் பரிசோதனை" என்று ஒரு செய்தி. நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனநலத் திட்டத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி வேறு. சித்திரையில் மாத்திரை தொடங்கியவர்களில் ஐப்பசியிலும் வந்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? இதற்குப் பதில் இல்லாத திட்டம் எத்தனை முகாம் போட்டாலும் அரைக்கிணறுதான்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980-களில் செய்து பார்த்த மாதிரிதான் அது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது. மருத்துவர் குறிப்பிட்ட கிழமையில் வட்டார ஆஸ்பத்திரிக்கு வருவார், மேலூர்க்காரர் மேலூரிலேயே, உசிலம்பட்டிக்காரர் உசிலம்பட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம், எல்லோரும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம் என்பது யோசனை. நல்ல யோசனை. 2015-16 தேசிய மனநல ஆய்வில், நோய்க்கு ஏற்றபடி 70 முதல் 92 விழுக்காடு பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் புதுநோயாளியைத் தேடுகிறோம். ஏற்கெனவே வந்து, பிறகு காணாமல் போனவரைத் தேட ஆள் இல்லை.

ஏன் போகிறார்கள்? முதல் காரணம் யாரும் யோசிக்காதது: குணமானதுதான். தூக்கம் வந்துவிட்டது, சந்தேகம் குறைந்துவிட்டது, "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?" நிறுத்திய மறுநாளே எதுவும் ஆகாது. பல வாரம், சில பேருக்குப் பல மாதம் கழித்துத்தான் நோய் திரும்பும். அதற்குள் வீட்டில் வேறு காரணம் கிடைத்திருக்கும்: சொத்துச் சண்டை, செய்வினை, அமாவாசை. மாத்திரையை நிறுத்தியதையும் நோய் திரும்பியதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால் முதல் நாளே வீட்டாரிடம் அடையாளங்களைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து தூக்கமில்லை, குளிக்க மறுக்கிறார், சாப்பாட்டை மோந்து பார்க்கிறார், தனக்குத்தானே முணுமுணுக்கிறார் என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கூட்டிவர வேண்டும்.

இரண்டாவது, பக்க விளைவு. கை இறுகும், எச்சில் வடியும், முகத்தில் அசைவே இருக்காது. இதைவிட மோசம் கால் ஓரிடத்தில் நிற்காத தவிப்பு. உட்கார முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். வீட்டார் பார்வையில் நோய் முற்றிவிட்டது, மருந்து கெடுத்துவிட்டது. உண்மையில் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் இப்படி வரக்கூடும், வந்தால் நிறுத்தாமல் உடனே வந்து சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையைப் போட்டால் சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். பக்கத்தில் மாமியார் நிற்கும்போது அதை யார் சொல்வார்கள்? இரண்டு நிமிடம் தனியாகக் கேட்க ஒரு நர்ஸ் வேண்டும். இன்னொன்று, டெண்டர் மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். நேற்று வெள்ளை, இன்று மஞ்சள். மருந்து அதேதான் என்று கொடுக்கிறவர் சொல்லாவிட்டால் அந்த அட்டை பிரிக்கப்படாமலே பரணுக்குப் போகும்.

மூன்றாவது, கூலி. பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தால் இரண்டு பஸ், கூட வருகிறவருக்கும் சேர்த்து இரண்டு ஆள் கூலி போச்சு. 2021 முதல் நகரப் பேருந்தில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, மகனுக்கு உண்டு. காலை ஓபி முடிந்தபின் வந்து சேர்ந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021-ல் வீட்டு வாசலுக்கு வந்தது. நிலைப்பட்ட மனநோயாளியின் மாத்திரையும் அதே பையில் மாதாமாதம் தவறாமல் போவதுதான் நியாயம். மாத்திரையைத் தவறாமல் போட முடியாதவருக்கு ஃப்ளூஃபெனசின் போன்ற, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. மருத்துவர் அளவை நிலைப்படுத்தியபின் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸே போட்டுவிடலாம், ஐஸ் பெட்டியும் தேவையில்லை. ஊசி தேதி தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம். மாத்திரையில் அது தெரியாது.

பித்தும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு லித்தியம் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நம்மூர் வெயில் தனி ஆபத்து. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்று, விரதமும் இருந்து, கால்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் நஞ்சாகும் அளவுக்கே போகலாம். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரி. தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இவர்களுக்குக் கூடவே கூடாது.

கோயில், தர்கா பற்றி என் கருத்து சில மருத்துவ நண்பர்களுக்குப் பிடிக்காது. பாண்டி கோயிலுக்கும் கோரிப்பாளையத்துக்கும் போகிற குடும்பத்தைக் கேலி செய்தால் நாம் இழப்பது அந்த நோயாளியை. கயிறு கட்டட்டும், விபூதி பூசட்டும், மாத்திரையும் போடட்டும். மண்டலம் முடியும்வரை மருந்து வேண்டாம் என்று சொல்வதும், சங்கிலியில் கட்டுவதும்தான் தடுக்கப்பட வேண்டியவை. 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் கருகினார்கள், கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை வெளிப்படையாகவே தடைசெய்திருக்கிறது.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்ற பேச்சு ஏர்வாடிச் சங்கிலிக்குக் குறைந்ததல்ல. நிச்சயம் ஆனதும் மாத்திரை நிற்கும். புகுந்த வீட்டில் ஒளித்துப் போட வழியில்லை, தூக்கம் கெடும், ஆறு மாதத்தில் பெண் பிறந்த வீட்டு வாசலில். மறைக்காதீர்கள் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம், சொன்னால் சம்பந்தமே நின்றுவிடும் என்பதும் தெரியும். ஆனாலும் மாப்பிள்ளையிடமாவது சொல்லாமல் நடத்துவது அந்தப் பெண்ணுக்கு வைக்கிற பொறி. பிள்ளைப் பேற்றை நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மாத்திரை வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். பித்து நிலையும் சோர்வும் மாறி மாறி வருகிறவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. ராத்திரி குழந்தையைப் பார்க்க இன்னொரு ஆள் கட்டாயம்.

வேலை. மருந்து பாதி என்றால் வேலை மீதிப் பாதி. ஆனால் எந்த வேலை என்று பார்க்க வேண்டும். மல்லிகை பறிக்க விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு தூக்கம் தரும் மனநோய் மாத்திரையான ஓலன்ஜபின் போட்டவர் எழுந்திருக்க மாட்டார், "சோம்பேறி" என்ற பெயர்தான் மிஞ்சும். மருத்துவரைக் கேட்டு ஏழு மணிக்கே போடச் செய்யலாம், அல்லது பகலில் பூக்கட்டும் வேலையைப் பிடித்துக் கொடுக்கலாம். இதையெல்லாம் கேட்டு ஏற்பாடு செய்வது சமூகப் பணியாளர். மருந்து எழுதிக் கொடுக்கிற மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனால் மனச்சிதைவு நோயாளிகளின் நிலை முன்னேறுகிறது என்று திருப்போரூர், கோவா, சதாரா மூன்று இடங்களில் நடந்த ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நம் திருப்போரூரில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

ஊனச் சான்று பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் தோற்கிறார்கள். சுயபராமரிப்பு, உறவாடல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை என்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டு என்பதற்கு இன்னொரு 4. மொத்தம் 20-ல் 7 வந்தால் 40 விழுக்காடு ஊனம், உதவிகளுக்கு அதுதான் வாசல். ஆண்டுக் கணக்குக்குச் சான்று பழைய ஓபி சீட்டுகள், அவற்றைத்தான் வீடு வெள்ளையடிக்கும்போது எறிந்துவிடுகிறோம். சான்று முகாம் அன்று நோயாளியைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, "எல்லாம் அவனே செய்வான்" என்று பெருமையாகச் சொல்லும் அம்மாக்களும் உண்டு. தானாகக் குளிக்கிறாரா, பத்துத் தடவை சொன்னபின் குளிக்கிறாரா என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

இனி, வராமல் போனவரைத் தேடும் வேலை எப்படி இருக்க வேண்டும்? ஒரு நோட்டு போதும். தேதி தவறியவரின் பெயரை அன்று மாலையே தனியாக எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் போன், எடுக்கவில்லை என்றால் அந்த வாரத்துக்குள் வீடு. "மனநலத் திட்டம்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தாதீர்கள், மறுநாள் ஊருக்கே தெரியும். டூ வீலரில் போங்கள். போனதும் "ஏன் வரல?" என்று தொடங்காமல் தூக்கம், சாப்பாடு, வேலை என்று கேளுங்கள். கடைசியாக அட்டையை எடுக்கச் சொல்லி மிச்ச மாத்திரையை எண்ணுங்கள். வாய் சொல்லாததை அது சொல்லும். இதற்கு வேண்டியது பெட்ரோல் காசும் போன் ரீசார்ஜும், மாறுதலாகிப் போகாத ஒரு ஆளும். ஒப்பந்த ஊழியரைப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் நோட்டு இருக்கும், வீட்டுக்கு வழி தெரிந்தவர் இருக்க மாட்டார்.

பகிர்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பகிருங்கள்: 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம், 24 மணி நேரமும் உண்டு.