குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றித்தான். ஓடும் காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் காணொளி, பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: "குழந்தையைப் பின் சீட்டுக்கு மாற்றுங்கள், முன்னால் ஏர்பேக் இருக்கிறது." அதற்குப் பொறாமைக்காரன், வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்றெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பரவாயில்லை.

"ஏர்பேக் இருக்கிற வண்டிதானே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஏர்பேக் இருப்பதால்தான் பயம். மோதும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து விரியும் அந்தப் பையைப் பலரும் பஞ்சுத் தலையணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோதிய கணத்தில் உள்ளே வாயு வெடித்துக் கிளம்பி, மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில்கூட அது விரியும். கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. பெல்ட் போட்டு, தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்காகச் செய்தது அது. மடியில் இருக்கும் குழந்தையின் தலை அதற்கு நேர் எதிரே இருக்கிறது.

"மெதுவாகத்தான் ஓட்டினோம்" என்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் சாதாரண, குறைந்த வேக மோதல்களிலேயே முன் சீட்டுக் குழந்தைகள் ஏர்பேக் அடித்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ஏர்பேக் விரியும் வேகத்தைக் குறைத்தார்கள், எச்சரிக்கை ஒட்டினார்கள். 12 வயது வரை பின் சீட்டுதான் என்று அங்கே சொல்வது சும்மா இல்லை.

என் சொந்தக்காரர்களிடமே இதைச் சொல்லி வாங்கிக்கட்டியிருக்கிறேன். அண்ணி கைக்குழந்தையோடு முன்னால் ஏறி, தன்னையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டினார். அது இன்னும் மோசம். மோதினால் தாயின் உடம்பே குழந்தையை பெல்ட்டோடு நசுக்கிவிடும். முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் தடுப்பை (சன் வைசர்) இறக்கி, அதில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினேன்: குழந்தை இருக்கை, அதன் மேல் சிவப்புக் கோடு. "நான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன் தம்பி, கிளம்பும்போதே ஏன் இப்படிப் பேசுறே" என்றார். வண்டிக்குள் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். கடைசியில் பின்னால் போனார். ஆனால் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கெட்டியாகப் பிடிக்கவே முடியாது, அதுதான் விஷயம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால், பத்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் சில நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கைக்கும் அந்த பலம் கிடையாது. பாசம் வேறு, பலம் வேறு.

"சைல்ட் சீட் வாங்க எல்லோராலும் முடியுமா?" நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். பின் சீட்டில் மடியில் வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் பின்னால் போய் உட்காரக் காசு வேண்டாமே! ஏர்பேக்காவது முகத்தில் அடிக்காது. "குழந்தை அழுகிறது" என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அழட்டும்.

"நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதிய பெரியவருக்கு: ஐயா, ஆனவர்கள் வந்து எழுத மாட்டார்கள்.

பெரியவர்களும் சரியாக உட்காருவதில்லை. டேஷ்போர்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். ஏர்பேக் விரிந்தால் அந்த முழங்கால் முகத்துக்கு வரும், இடுப்பு எலும்பு நொறுங்கும். ஸ்டியரிங்கை மார்போடு அணைத்தபடி ஓட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும். பெல்ட் போடாமல் ஏர்பேக்கை மட்டும் நம்பினால், அது விரிகிற நேரத்தில் நாமும் அதை நோக்கிப் பாய்ந்துகொண்டிருப்போம். கர்ப்பிணிகளுக்கும் பெல்ட் உண்டு, இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே வர வேண்டும். இதைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கருத்தை நீக்கிவிடச் சொல்லி உள்பெட்டியில் மூன்று நண்பர்கள் கேட்டார்கள். காணொளியில் இருக்கும் குடும்பம் வருத்தப்படுகிறதாம். என்னைத் திட்டியவர்களிடம் யாரும் போய் எதையும் நீக்கச் சொல்லவில்லை. அவர்கள் வருத்தப்பட்டால் எனக்கும் கஷ்டம்தான். ஆனாலும் நீக்க மாட்டேன்.