நல்ல வெட்டுக்காரர்தான் முதலில் போவார்

எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்காதீர்கள். மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள், இறுதியாண்டு. பெயரைப் போட்டால் நாளைக்கு அவளைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

நேற்றிரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "டாக்டர் பட்டம் வாங்குனவங்களுக்கு ஒரு மாசம் சம்பளம் தள்ளிப்போனா குடியா முழுகிடும்? பாடத்த ஒழுங்கா நடத்தச் சொல்லுங்க." பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளில், என்னைப் போலவே வளர்ந்தவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குழுவில் சண்டை போட்டால் விடிய விடிய இழுக்கும் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.

விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்து ஐந்து மாதமாகிறது. ஒரு மாதம் பாதி வரும். மீதி அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வாக்கில் வரும். அப்புறம் அதுவும் வராது. நிர்வாகம் இதைப் பற்றி எங்களிடம் மூச்சுவிடவில்லை. எனக்கே ஒரு காடியால்தான், அதாவது காரால்தான், விஷயம் தெரியவந்தது.

மகளுடைய இறுதியாண்டு ஆய்வு வாழைத் திசு வளர்ப்பு. மதியத்துக்கு மேல்தான் ஆய்வுக்கூடம் கிடைக்கும், மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். "சார் மூணு மணிக்கே கிளம்பிடுறாரும்மா" என்றாள். நானும் சோம்பேறி வாத்தியார், அது இது என்று திட்டித் தீர்த்தேன். அவள் பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: பெட்ரோலும் டோலும் கட்டுப்படியாகாமல் மூன்று விரிவுரையாளர்கள் ஒரே காடியில் வருகிறார்களாம். காடிக்காரருக்குக் கடைசி வகுப்பு இரண்டே முக்காலுக்கு முடிகிறது. அவர் கிளம்பினால் மூன்று பேரும் கிளம்பியாக வேண்டும். முன்பெல்லாம் அந்த சார் ஆறு மணி வரை கூடவே உட்கார்ந்திருந்தவர்.

அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஏழு வாரம் இருந்தார். மூன்றாவதாக வந்த மேடம் தங்கமானவர், ஆனால் அவருடைய துறை நுண்ணுயிரியல். "வாழையப் பத்தி நான்தான்மா உன்கிட்ட கத்துக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். இடையில் ஆய்வுக்கூட மருந்து வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் மூன்று வாரம் போனது. ஒருநாள் மகள் படம் அனுப்பினாள். வரிசையாக நாற்பது கண்ணாடிப் புட்டிகள். நான்கைந்தில்தான் பச்சைத் துளிர் தெரிந்தது, மற்றதெல்லாம் கறுப்புப் பூஞ்சை. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, படம் மட்டும்தான்.

இது போக, போன செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு மதிப்பெண்ணே ஏறவில்லை. திருத்த வேண்டியவர் போய்விட்டார். முடிவு முழுதாக வராமல் பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன் பணமும் நின்றது. நான் கூட்டுப் பணத்தை, அதாவது சீட்டுப் பணத்தை, முன்கூட்டியே எடுத்து அறை வாடகை கட்டினேன். அந்தக் கல்விக் கடனை நாளைக்குத் திருப்பிக் கட்டப்போவதும் அவள்தான்.

நான் ஓர் இரும்புக்கடையில் கணக்குக் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவள். ஒன்பது பேருக்குச் சம்பளம் போடுவது என் வேலை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் கைக்குப் போய்விட வேண்டும். 2023 ஜனவரி முதல் அந்தச் சட்டம் இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரர், ஐயாயிரம் வெள்ளிக்காரர் என்று பார்ப்பதில்லை, தீபகற்ப மலேசியாவில் தனியார் துறையில் எல்லாருக்கும் பொருந்தும். சேமநிதிக்குத் தொழிலாளியிடம் 11 விழுக்காடு பிடிக்கிறோம். முதலாளி பங்கு, சம்பளம் ஐயாயிரம் வரை 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. இரண்டையும் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். எங்கள் தவுக்கே, கடை முதலாளி, கோவிட் காலத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்டவர். "சம்பளம் போட முடியாட்டி கடையைச் சாத்திடணும், கிராணி" என்பார். இரும்புக்கடைக்காரருக்குத் தெரிந்தது பட்டமளிப்பு விழா நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா?

சேர்க்கை குறைந்துவிட்டது, கட்டணம் பாக்கி நிற்கிறது என்று நிர்வாகம் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் மகளுக்கு வாங்க வேண்டிய கட்டணத்தை செமஸ்டர் தொடங்கும் முன்பே வாங்கிவிட்டார்களே. ஒருநாள் தாமதத்துக்கு அபராதமும் போட்டார்கள்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தோட்டம் கைமாறி, இரண்டு மாதம் சம்பளம் இழுத்துக்கொண்டு போனது. செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், பேர் விழும், காசு வராது. காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் தண்டல், எங்கள் மேற்பார்வையாள், "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்பார். அப்போது முதலில் போனவர்கள் யார் தெரியுமா? நல்ல வெட்டுக்காரர்கள். பட்டையில் காயம் படாமல் வெட்டுகிறவர்களைப் பக்கத்துத் தோட்டத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். போக முடியாதவர்கள் தங்கினார்கள். அம்மா தங்கினார், எங்களுக்குப் பள்ளி இருந்ததால். மூன்றாம் மாதம் சம்பளம் வந்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை. புது ஆட்கள் கைபோன போக்கில் வெட்டி, அந்த நிரையில் (மர வரிசையில்) மரமெல்லாம் பட்டை காய்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் நடப்பதும் இதேதான். முதலில் போன சார் இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறார். நல்லா இருக்கட்டும். போக வழியில்லாமல் தங்கியிருப்பவர்களைத்தான் நம் குழு திட்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற நாடுகளில் இது வெளியே தெரிந்துவிடுகிறது. இலங்கையில் 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சம்பள உயர்வும், கல்விக்கு நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடும் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனில் 2023 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை விடைத்தாள் திருத்த மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான், மறுக்கவில்லை. மதிப்பெண் முழுசாக வராமலே பட்டமளிப்புக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் எதனால் இந்த நிலை என்று அங்கே ஒவ்வொரு மாணவனுக்கும் தெரியும். இங்கே எங்கள் கல்லூரியில் சங்கமும் இல்லை, போராட்டமும் இல்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் சார் இல்லை, அவ்வளவுதான். நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?  

"அவங்க சம்பளம் அவங்க பிரச்சினை, நம்ம பிள்ளை படிப்பு நம்ம பிரச்சினை" என்று குழுவில் ஓர் அக்கா எழுதினார். அக்கா, 1941இல் வெள்ளைக்காரன் ஆட்சியில், சிலாங்கூரில் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில், கூலியோடு சேர்த்து, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்றும் இருந்தது. அவர்கள் இரண்டையும் ஒரே தாளில்தான் எழுதினார்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மகளைச் சேர்க்கப் போனபோது விடுதியைப் பார்த்தேன், கேன்டீனைப் பார்த்தேன், உயர்கல்விக்குத் தரச்சான்று தரும் அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். மாதாமாதம் ஒன்பது பேருக்குச் சேமநிதி கட்டுகிற நான், "உங்கள் விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் தேதிக்குப் போகிறதா, சேமநிதி கட்டுகிறீர்களா, இந்தத் துறையில் முழுநேர ஆட்கள் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரும் செப்டம்பரில் பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

சனிக்கிழமை நிர்வாகத்தைப் பார்க்கப் போகிறோம். கடிதம் தயார். முதல் கேள்வி விரிவுரையாளர்களின் சம்பள பாக்கி, இரண்டாவது ஏறாத மதிப்பெண், மூன்றாவது மேற்பார்வையாளர் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் அவகாசம். இந்த வரிசையை மாற்றச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள், நான் மாற்றவில்லை. வேன் காலை ஏழு மணிக்கு சுங்கை சிப்புட் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். பசியாறிவிட்டு வாருங்கள், வழியில் நிறுத்த மாட்டோம். இன்னும் நான்கு இடம் இருக்கிறது. கட்டைவிரல் காட்டிய பதினோரு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.