எக்ஸ் வடிவம் கருந்துளை மோதலால் வந்ததா?

ரேடியோ அலைகளை வலுவாக வெளியிடும் பி.கே.எஸ். 2014-55 என்ற விண்மீன் மண்டலத்தின் எக்ஸ் வடிவம், இரண்டு கருந்துளைகள் மோதியதற்கு ஆதாரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியொரு விளக்கம் முன்பு பேசப்பட்டது, சரி. ஆனால் 2020-இல் தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கி எடுத்த துல்லியமான படம் வேறு கதை சொல்கிறது. மையத்திலிருந்து கிளம்புவது எதிரெதிராக இரண்டே தாரைகள், அதாவது வேகமாகப் பீறிடும் பொருளோட்டங்கள். தொலைதூரம் போன பொருள் திரும்பி மண்டலத்தை நோக்கி வழிகிறது. அங்கே சூழ்ந்திருக்கும் வாயுவில் முட்டிப் பக்கவாட்டில் திரும்புகிறது. எக்ஸின் மற்ற இரண்டு கைகளும் அதில் வந்தவைதான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒரு கையின் நுனியிலிருந்து விரலால் தடம் பிடித்துப் பாருங்கள். அது மையத்தைக் குறுக்கே கடக்காது. வளைந்து பக்கத்துக் கையாகத் தொடரும். இரண்டு பூமராங்குகள் முதுகோடு முதுகாக நிற்பது தெரியும். மண்டலத்தின் பெயரோடு மீர்காட் என்று சேர்த்துத் தேடினால் படமும், ஆர்க்சைவ் என்ற இணையதளத்தில் இலவசமாக ஆய்வுக் கட்டுரையும் கிடைக்கும்.