அந்த நோட்டில் இருந்த கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி மகளிர் மருத்துவ முகாமில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், காணொளியையும் பார்த்திருப்பீர்கள். மேடையில் பேசிய மருத்துவர் யார், எந்த மருத்துவமனை என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. 44 வயதுப் பெண் ஒருவர் எழுந்து, ஹார்மோன் சிகிச்சை பற்றி நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்வியைப் படித்தார். "செல்போனில் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். ஹார்மோன் என்றால் புற்றுநோய், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. கூட்டம் சிரித்தது. அவர் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாட்களாக எல்லோரும் மருத்துவரின் பதிலைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண் என்ன கேட்டார் என்று ஒருவரும் பேசவில்லை. 41 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, தூக்கமில்லை, சினைப்பை சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மட்டும் எனக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எத்தனை வயது வரை என்று கேட்டார். இது படித்த பெண்ணின் கேள்விதான். படித்ததில் என்ன குற்றம்?

மருத்துவர் சொன்ன புற்றுநோய் அச்சம் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்விலிருந்து வந்தது. 16,000க்கும் மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 63. அவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்தது ஈஸ்ட்ரோஜனும், கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அதனுடன் சேர்த்துத் தரும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியது உண்மை. ஆனால் கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துத் தனியே நடத்திய பகுதியின் முடிவு 2004இல் வந்தபோது, மார்பகப் புற்றுநோய் அதில் கூடவில்லை. பக்கவாத அபாயம் கூடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 45 வயதுக்கு முன்பே சினைப்பைகளை இழந்த பெண்ணுக்கு, வேறு தடை இல்லையென்றால், மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே நல்லது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எலும்பும் இதயமும் அதைச் சார்ந்திருக்கின்றன. அவர் கேட்டது இதைத்தான். கிடைத்த பதிலோ 63 வயதுப் பெண்களுக்கு உரியது.

எனக்கு 47 வயதில் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் புடவையோடு படுத்துக் கிடப்பேன். அந்தக் குளிர்ச்சி ஒன்றுதான் எனக்கு இருந்த மருந்து. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். ஒருவர் தூக்க மாத்திரை எழுதினார். இன்னொருவர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட கவலை என்று என் கணவரிடம் சொன்னார், என்னிடம் அல்ல. கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த பெண்தான், "ஆச்சி, இது நெஞ்சுவலி இல்லை, தூரம் நிக்கப்போகுது, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். ஒன்றரை ஆண்டு அலைச்சலுக்கு அவர் சொன்ன ஒரு வரிதான் விடை. அதன் பிறகுதான் படித்தேன், எழுதினேன், மதுரைக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என் காகிதத்தை வாங்கி முழுதும் படித்துவிட்டு, "நன்றாகக் குறித்திருக்கிறீர்கள்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஆகவே, நீ மருத்துவர்களுக்கு எதிரி என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: என்னை மீட்டவரும் மருத்துவர்தான். அரைகுறை அறிவு ஆபத்து என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து மீண்டும் உதிரம் பட்டால் உடனே பரிசோதிக்க வேண்டும். அதை "உடம்பில் சூடு" என்று தோழிகள் சொன்னதை நம்பித் தள்ளிப்போட்டவரை நான் அறிவேன். ஆனால் அந்த அரைகுறையை முழுமையாக்குவது யார் வேலை? நாளைக்கு நூறு நோயாளிகளைப் பார்க்கிறவருக்கு நேரம் எங்கே என்றும் கேட்கிறீர்கள். "எனக்கு இதில் அனுபவம் குறைவு, இன்னாரைப் பாருங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெரியாமல் இருப்பது இழிவன்று. 2002க்குப் பிறகு பயிற்சி பெற்ற பலருக்கு இந்தச் சிகிச்சையை அஞ்சத்தான் கற்றுக்கொடுத்தார்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தடை இல்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022இல் எழுதியதை அவர்கள் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்துவிட்டு வந்த பெண்ணை நூறு பேர் முன்னால் சிரிக்க வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் ஆத்தா நடுராத்திரியில் இரண்டாம் கட்டுக் கிணற்றடியில் தண்ணீர் சேந்திச் சேந்தித் தலையில் ஊற்றிக்கொள்வார். மார்கழியிலும் ஊற்றிக்கொள்வார். பித்தம் என்றார்கள், கோடாங்கியைக்கூட அழைத்தார்கள். நாங்களும் ஆத்தாவுக்குக் கிறுக்கு என்று நம்பினோம். அவரிடம் நோட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கூட்டம் சிரித்தபோது எனக்கு அந்த வாளிச் சத்தம்தான் கேட்டது. சிரித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள்.

புதன்கிழமை அந்தப் பெண்ணை மதுரைக்கு நானே அழைத்துப் போகிறேன். நோட்டைக் கொண்டுவரலாமா, மருத்துவர் கோபித்துக்கொள்வாரா என்று நேற்றுத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். கொண்டுவாருங்கள் என்றேன்.