குறிக்கோளிலிருந்து கடவுளை நீக்கினார்களா?

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தென்னாப்பிரிக்காவின் பழைய தேசியக் குறிக்கோள் வாசகத்தில் கடவுள் இருந்தார். 2000-ல் நீக்கிவிட்டார்கள். இனி அரசுப் பள்ளியில் பிரார்த்தனையும் கூடாது, மத அடையாளமும் கூடாது."

மூன்றுமே தவறு. 1910-லிருந்து இருந்த லத்தீன் குறிக்கோள் 'ஒற்றுமையிலிருந்து வலிமை' என்றுதான் சொன்னது. 2000 ஏப்ரல் 27 அன்று அதன் இடத்துக்கு வந்தது, பல்வகை மக்கள் ஒன்றுசேர்வதைச் சொல்லும் தென்னாப்பிரிக்கப் பூர்வகுடிகளின் கோய்சான் மொழி வாசகம். நீக்குவதற்குக் கடவுள் அங்கே இருந்ததே இல்லை.

அவர் இருந்தது அரசியலமைப்பின் முகவுரையில். 1961, 1983 சட்டங்கள் எல்லாம்வல்ல இறைவனைப் பணிந்தே தொடங்கின. (அந்தப் பணிவு இனஒதுக்கலுக்குத் தடையாக இருக்கவில்லை.) இப்போதைய 1996 அரசியலமைப்பின் முகவுரையும் இறைவன் நம் மக்களைக் காக்க வேண்டும் என்று கேட்டுத்தான் முடிகிறது.

பள்ளி விஷயத்தில் அதே அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவைப் படித்தால் போதும். அரசு நிறுவனங்களில் வழிபாடு நடத்தலாம். பாரபட்சம் இருக்கக் கூடாது, யாரையும் வற்புறுத்தக் கூடாது. 2017-ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தடுத்தது, ஓர் அரசுப் பள்ளி ஒரே மதத்தைத் தன் மதமாக அறிவித்துக்கொள்வதைத்தான், பிரார்த்தனையை அல்ல.

மத அடையாளத்துக்கு நம் வீட்டுப் பிள்ளையின் நீதிமன்ற வழக்கே சாட்சி. டர்பனில் தமிழ் மாணவி ஒருவரின் மூக்குத்தியைப் பள்ளி அனுமதிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007-ல் அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

புனித வெள்ளிக்குப் பொது விடுமுறை, தீபாவளிக்கு இல்லை என்ற குறை உண்மையானது. அதற்கும் குறிக்கோளுக்கும் சம்பந்தமில்லை.