களிம்பேறிய 486

போன வாரம் ஒரு தம்பி தன் வீட்டு சர்வரைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஆளுயர ரேக், உள்ளே நீல விளக்குகள், வயர்களெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டது போல. கீழே இதயங்கள் குவிந்து கிடந்தன. நானும் ஒன்று விட்டேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் வருஷக்கணக்காக இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு குறை. அந்தப் பெட்டி என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. கரண்ட் பில்லையும் யாரும் காட்டுவதில்லை. தம்பியிடம் இரண்டையும் கேட்டேன். "கத்துக்கத்தான் அண்ணே" என்றார். நல்ல காரணம்தான், குறை சொல்லவில்லை. பில்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாமே கணக்குப் போடுவோம். அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் பவர்எட்ஜ் ஆர்710 மாதிரி ஒரு பழைய சர்வர், சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 3.6 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் 216 யூனிட் இந்த ஒரு பெட்டிக்கே. அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசத்தை முதல் மாதம் முடியும் முன்பே அது தின்றுவிடும். அப்புறம் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் மேல் ஸ்லாபில் ஏறி உட்காரும். வீட்டம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்?

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊர் எனக்கு. அங்கே என் வீட்டில் ஓடுவது கீல் உடைந்த ஒரு பழைய திங்க்பேட் லேப்டாப். பீரோ மேல் கிடக்கிறது. சுமார் 12 வாட், இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சொச்சம். கரண்ட் போனால் அதன் பேட்டரியே யூபிஎஸ். (எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடும். 60 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள்.) ராத்திரி வீட்டுப் போன்களிலிருந்து படங்களை இழுத்துப் பத்திரப்படுத்தும். பை-ஹோல் என்ற மென்பொருள் போட்டு விளம்பரங்களைத் தடுக்கும். அம்மாவுக்குப் பழைய படம் காட்டும். துபாயில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்றபோதுதான் கொஞ்சம் திணறினேன். எங்களுக்கு இணையம் கொடுப்பவர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து என் வீட்டுக் கதவைத் தட்ட வழியே இல்லை. கடைசியில் வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக ஒரு சுற்றுப்பாதை போட்டுச் சமாளித்தேன். இதைப் படம் எடுத்துப் போட்டால் ஒரு இதயம்கூட விழாது. பீரோ மேல் ஒரு லேப்டாப், பக்கத்தில் அம்மாவின் மாத்திரை டப்பா, அவ்வளவுதான்.

சரி, சொல்ல வந்தது உப்பைப் பற்றி.

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் குடியிருக்கிறோம். கச்சான் அடித்தால் தெற்கேயிருந்து உப்பு, வாடை அடித்தால் வடக்கேயிருந்து உப்பு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துரு தின்னாமல் காக்க, காலமெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். உலோகத்தை உப்புக் காற்றில் போட்டு வைத்து, எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்கக் காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) மண்டபத்தில் தனியாக ஓர் இடமே வைத்திருக்கிறார்கள். அவர்கள் தகட்டை வெயிலில் போட்டுச் செய்யும் சோதனையை நான் வீட்டுக்குள் கம்ப்யூட்டரை வைத்தே செய்துவிட்டேன்.

கீழக்கரை நண்பன் ஒருவனின் வாப்பா தொண்ணூறுகளில் டிடிபி கடை, அதாவது நோட்டீஸ், அழைப்பிதழ்களைக் கம்ப்யூட்டரில் அடித்து வடிவமைக்கும் கடை நடத்தியவர். அவர் மௌத்தான பிறகு பரணில் கிடந்த கடை மெஷினை நண்பன் என்னிடம் கொடுத்தான். 486 என்ற அந்தக் காலத்து ப்ராசஸர், 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம். மூடியைத் திறந்தால் மதர்போர்டின் மூலையில் விரல் தடிமனில் நீல நிற பீப்பாய் பேட்டரி. அந்தக் காலத்து நிக்கல்-காட்மியம். அது கசிந்து கீபோர்டு சொருகும் இடம் வரை பச்சையாகப் பொங்கிப் போயிருந்தது. செம்புக் குடத்தில் ஏறும் அதே களிம்பு. கசிந்த காரம் காற்றுப் பட்டுக் கார்பனேட்டாக மாறியிருந்ததால் வினிகர் விட்டதும் நுரைத்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். அரித்துப் போயிருந்த ஒரு செம்புக் கோட்டுக்குப் பதிலாக மயிரிழை வயரை வைத்துப் பற்ற வைத்தேன். பேட்டரி இருந்த இடத்தில் ஒரு காயின் செல். போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். காயின் செல் தாங்காது என்பதால், கரண்ட் செல்லுக்குள் திரும்பிப் போகாதபடி வழியில் தொடராக ஒரு டயோடு. சுவிட்சைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று மெமரியை எண்ண ஆரம்பித்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு எந்த நாதஸ்வரமும் ஈடில்லை.

பிறகு செய்ததுதான் மடத்தனம். மஞ்சள் பூத்திருந்த பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, வெயிலில் காயவைத்து வெளுத்தேன். ஹாலில் கண்ணாடி அலமாரி செய்து உள்ளே உட்காரவைத்து, மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டேன். படம் எடுத்துப் போட்டேன். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு இதயங்கள் விழுந்ததில்லை. அதோடு சரி. அதன் ஹார்டு டிஸ்கில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெருநாளுக்கு ஊர் வந்த நண்பன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். "வாப்பா கடை கம்ப்யூட்டரை இவனுக்குக் காட்டணும் மச்சான்." சுவிட்சைப் போட்டேன். செத்துக் கிடந்தது. பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திறந்து பார்த்தால் ஸ்லாட் ஊசிகளிலும் சிப்பின் கால்களிலும் பச்சை. இந்தத் தடவை பேட்டரி மேல் பழி போட முடியாது. எல்லாம் கடல் காற்று செய்த வேலை.

அதே வீட்டில், அதே காற்றில், பீரோ மேல் கிடந்த திங்க்பேடுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது என்ன நியாயம் என்று உட்கார்ந்து யோசித்தேன். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். போர்டு மேல் உப்புத் தண்ணீர்ப் படலம் வந்துவிடும், அரிப்பு அங்கேதான் ஆரம்பம். ஆனால் 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 50-க்குக் கீழே இறங்கிவிடும். ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே தன்னைக் காயவைத்துக்கொள்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் அழகாகத் தூங்குவதற்குத்தான் ஆபத்து. ஓடுவதற்கும் ஒரு எதிரி உண்டு, ஃபேன். உப்பையும் சேர்த்து உள்ளே உறிஞ்சும். சத்தமே இல்லாமல், ஃபேன் அதிகம் சுற்றாமல் ஓடுகிற சின்னப் பெட்டிதான் நம் கரைக்கு ஏற்றது. ரேக் தம்பிக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். அவர் ஏசி அறையில் இருக்கிறார், கேட்க மாட்டார்.

இது எங்கள் ஊர் விசைப்படகுக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். பக்கத்து வீட்டு அண்ணன் அப்போதும் சில நாளுக்கு ஒருமுறை போய் இன்ஜினைப் போட்டுவிட்டு வருவார். "சும்மா நிக்கவிட்டா இறுகிப்போகும்" என்பார். அவர் படகைப் படம் எடுத்து எங்கும் போட்டதில்லை.

அதனால் பழைய மெஷின் வைத்திருக்கும் தோழர்களிடம் எனக்கு ஒரே ஒரு வழக்கு. வெளியே வெளுத்த பிளாஸ்டிக்கைக் காட்டுகிறீர்கள், சரி. மூடியைத் திறந்து ஊசிக்காலையும் காட்டுங்கள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று எழுதுங்கள். டிஸ்கில் இருந்ததை நகல் எடுத்தாயிற்றா என்று சொல்லுங்கள். அது இல்லாத படம் பாடம் செய்த புலி. பார்க்கலாம், உறுமாது.

486-ஐ மறுபடி கழுவி எழுப்ப எனக்கு ஒன்பது நாள் ஆனது. எழுந்ததும் முதல் வேலையாக டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி திங்க்பேடுக்கு நகல் எடுத்தேன். மொத்தமே 420 எம்பி, இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவின் கால்வாசிகூட இல்லை. உள்ளே நோட்டீஸ், ரசீது புத்தகம், நிக்காஹ் அழைப்பிதழ், எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. அன்றைக்கு ஒவ்வொரு ஃபாண்டுக்காரரும் தனித்தனி எழுத்து வரிசை வைத்திருந்தார்கள். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்தாயிற்று, ஆனால் கடை மெஷின்களுக்கு அது வந்து சேர ரொம்ப நாளானது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி டாம், டாப் என்று ஃபாண்டுகளுக்குப் பொதுத் தரம் வகுத்ததும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எங்கள் கடைக்காரர் அதற்கும் முந்தியவர். எந்த ஃபாண்டு என்று கண்டுபிடித்து மாற்றுவதற்குள் கண் பூத்துவிட்டது.

மாறி வந்தவற்றில் ஒன்று நண்பனின் லாத்தாவுடைய (அக்காவுடைய) நிக்காஹ் அழைப்பிதழ், 1997. வாப்பா தன் கையாலேயே அடித்தது. நண்பனுக்கு அனுப்பினேன், அவன் லாத்தாவுக்கு அனுப்பினான். அன்று ராத்திரியே லாத்தாவிடமிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ்:

"தம்பி, இது முதல் புரூஃப். மாப்பிள்ளை ஊர் பேரை வாப்பா தப்பா அடிச்சிட்டாங்க. நான் அழுது சண்டை போட்டுத்தான் மாத்துனாங்க. திருத்துனதும் அதுக்குள்ளதான் இருக்கும், தேடிப் பாருங்க."

தேடிக்கொண்டிருக்கிறேன்.